ஐந்தாவது துண்டு

பெரம்பலூரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்த மறுநாள், அரியலூர் பஸ்ஸைப் பிடிக்காமல் அவள் கையைப் பிடித்து ஒரு பிரௌசிங் சென்டருக்குள் கூட்டிப்போனேன். 2006ஆம் வருஷம். நான் செய்த உலோகத் துண்டுகளை மெஷினில் இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்த தோழி ஆய்வகத்திலிருந்து போன் செய்திருந்தாள்.

"நாலு துண்டு நல்லா நீண்டு குடுத்துச்சுடி. அஞ்சாவது பட்டுன்னு உடைஞ்சிடுச்சு. சாயங்காலம் சார் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்பணும். மெஷின்ல சரியா மாட்டலன்னு சொல்லி அத விட்டுடலாமா?"

"முதல்ல மைக்ராஸ்கோப்புல எடுத்த போட்டோ அனுப்பு. அஞ்சாவதும் வேணும், நாலாவதும் வேணும்."

டைட்டானியப் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காகப் படியவைத்து இயந்திரப் பாகங்கள் செய்வார்கள். அதற்கேற்ற கலவையைத் தேடுவதுதான் என் ஆராய்ச்சி. பழைய கலவையை அப்படிப் படியவைத்தால், உள்ளே உலோகம் கீழிருந்து மேலாக நீள நீளமாக உறைந்துவிடும். நெடுக்கில் இழுத்தால் தாங்கும், குறுக்கில் இழுத்தால் விட்டுவிடும். துளி போரான் சேர்த்தால் அந்த நீளம் உடைந்து பொடிசாகும். எவ்வளவு சேர்ப்பது என்பதில் என் ஆராய்ச்சி வழிகாட்டியான சாருக்கும் எனக்கும் தகராறு. அவர் குறைக்கச் சொன்னார். நான் பிடிவாதமாகக் கூட்டினேன்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. உடைந்த இடத்தில் முரட்டு ஊசிகள் குப்பலாகக் கிடந்தன. போரான் அதிகமானதால் உலோகத்துக்குள் விளைந்த படிகங்கள்; உடைசல் அங்கேதான் தொடங்கும். நாலாவது துண்டின் படத்தைத் திறந்தேன். அதிலும் அதே ஊசிகள். அது பட்டென்று உடையாமல் நீண்டு கொடுத்தது வெறும் அதிர்ஷ்டம்.

"என்னடி, பேச்சையே காணோம்? யாருக்காச்சும் ஏதாவது ஆயிடுச்சா?" கட்டுப் போட்ட கண்ணோடு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நான் செஞ்சதுல தப்பு இருக்கு."

"அப்ப சொல்லிட்டு வா. பஸ் போயிடப்போவுது."

வெளியே வந்து சாருக்குப் போன் செய்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டேன்.

"சார், அஞ்சாவது துண்டு உடைஞ்சிடுச்சு. மெஷின் மேல தப்பில்ல. போரான் அதிகம். மத்த நாலும் அதே கலவை, உடையக்கூடியதுதான்."



"ரிப்போர்ட்ல அஞ்சையும் எழுதச் சொல்லும்மா," என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் அந்தக் கலவையை நிராகரித்துவிட்டார்கள். என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. வீட்டில் அதைச் சொன்ன அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். 2007இல், போரானைப் பாதிக்கும் கீழே குறைத்துச் செய்த துண்டுகளை நானே மெஷினில் மாட்டி இழுத்தேன். நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி நீண்டு கொடுத்தன. கடைசித் துண்டு முடியும்வரை நான் உட்காரவே இல்லை.