தேதியைக் கேட்காதே, தட்டிப் பார்!

போன வாரம் விருத்தாசலத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மனைவி செல்வி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடம் குழந்தை, குடும்பம் என்று இருந்துவிட்டு, இப்போதுதான் ஒரு சென்னை சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஒரு மாத ட்ரையல். அது முடிய இரண்டே நாள்... அதற்குள் இந்தச் சோதனை!

"புரோகிராம்ல இருந்த தப்ப திருத்தி ரெண்டு தடவ அனுப்பிட்டேன் அண்ணி. பழைய தப்பே வருது. 'நீங்க மாத்தவே இல்லையே மேடம்'னு டீம் லீடர் சொல்றாரு. பொய் சொல்றேன்னே நெனச்சிட்டாரு போல."

என்னதான் நடந்தது? அரை மணி நேரத்தில் அவளே கண்டுபிடித்தாள்.

முந்தின நாள் கரண்ட் இல்லை. பழைய லேப்டாப்பில் திருத்தி, பென் டிரைவில் எடுத்துவந்து கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறாள். அந்த லேப்டாப்போ நான்கு நாள் முந்தின தேதியைக் காட்டிக்கொண்டிருக்கிறது! புரோகிராமைத் தொகுத்துத் தரும் 'பில்ட்' கருவி ஃபைலின் தேதியை மட்டும் பார்த்தது. 'நான் கடைசியாகத் தொகுத்ததற்கும் முந்தின ஃபைல் — இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது?' என்று தொடாமலே விட்டுவிட்டது.

தம்பி செராமிக் கம்பெனியில் தரம் பிரிக்கிறவன். டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

"நாங்க கப்ப தட்டிப் பாத்துதான் வெடிப்பு இருக்குதான்னு சொல்லுவோம். என்னைக்கு சுட்டதுன்னு கேட்டா வெடிப்பு தெரியுமா?"

"இதுலயும் தட்டிப் பாக்க வழி இருக்குதுங்க" என்றாள் செல்வி.

செக்சம் என்கிறார்கள். ஃபைலுக்குள் இருப்பதையெல்லாம் கணக்குப் போட்டு எடுக்கும் ஓர் எண். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். தேதியை விட்டுவிட்டு அந்த எண்ணை ஒப்பிடும்படி கருவியை மாற்றினாள். ஓட்டினாள்... தப்பு போயே போச்சு! நடந்ததை ஒளிக்காமல் டீம் லீடருக்கும் எழுதினாள்.

மறுநாள் காலையில் போன். "நம்ம டீம் முழுக்க இதையே வெச்சுக்கலாம் மேடம். நீங்க வேலையில கண்டினியூ பண்றீங்க."

செல்வி போனை வைத்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மனிதர்களிடமும் நாம் தேதியைத்தானே கேட்கிறோம்? கடைசியாக எப்போது வேலை பார்த்தாய், நடுவில் ஏன் இடைவெளி... உள்ளே என்ன இருக்கிறது என்று யார் தட்டிப் பார்க்கிறார்கள்?

"ஏழு வருஷம் ஆயிடுச்சு, இனிமே கம்ப்யூட்டரெல்லாம் எதுக்கு? பேசாம டியூஷன் எடு" என்று செல்விக்கு அறிவுரை சொன்ன மகராசி ஒருத்தி உண்டு.

வேறு யாருமில்லை... வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கும் அறிவுரை சொல்கிறாளே, அவளேதான்!