அப்பா சாய்த்த புளியமரம்

பெரிய புளியமரம் ஒன்று சாலையில் விழுந்தால் முதலில் சத்தம் கேட்காது. காலடியில் தரை ஒரு குலுக்குக் குலுங்கி, பரணில் இருக்கும் எவர்சில்வர் சொம்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மரங்களை வெட்டிப் போட்டுச் சாலைகளை மறித்த அந்த நாட்களில், கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையோரத்து எங்கள் ஊரில் நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை, ஒவ்வொரு குலுக்கலுக்கும் "இது எந்த மரம்?" என்று பந்தயம் கட்டுவதுதான் எங்களுக்கு வேலை.

என் அப்பா தணிகாசலம், சொந்த வேலையைவிட ஊர் வேலையை அதிகம் பார்த்த மனிதர். மலையில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், கம்பில் கட்டிய போர்வையில் படுக்கவைத்து, அதை 'டோலி' என்பார்கள், தோள் மாற்றித் தோள் மாற்றி அடிவாரத்துக்கு இறக்குவார்கள். அங்கிருந்து கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் எங்கள் மாட்டுவண்டி. கேட்டு வருவதற்குள் அப்பா பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "மலையில எவனுக்குத் தலவலி வந்தாலும் எங்கூட்டு மாட்டுக்குத்தான் கழுத்து வலிக்குது" என்பாள் அம்மா. ஆனால் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பி, அவளுக்குத் தண்ணீர் சேந்திக் கொடுத்து, எனக்குத் தலை வாரிவிடுகிறவரும் அவர்தான். அவர் போட்ட பின்னல் வண்டிக்கயிறு மாதிரி இருக்கும், இரண்டு நாளைக்கு அவிழாது.

மரம் வெட்ட ஊர் கூடி முடிவெடுத்தபோது அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் ஒரு வண்டி போகிற அளவு சந்து விட வேண்டும். "நாம கேக்கறது நம்ம புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும். அதுக்காக எவன் புள்ளையும் வழியில சாவக்கூடாது" என்றார். ஊரும் ஒத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் அந்தச் சந்து வழியாகவே போலீஸ் ஜீப் வந்து நாலு பேரை அள்ளிக்கொண்டு போனது. பையன்கள் கொதித்துப்போனார்கள். வாய்க்கால் பாலத்தருகே விட்ட சந்து ஒன்றையாவது அடைத்தே தீருவோம் என்று நின்றார்கள். அதை அடைக்கத் தோதான புளியமரமோ ஒரு குடிசைப் பக்கம் சாய்ந்திருந்தது. குடிசை தப்பும்படி அதை வெட்டத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான்.

"நீங்க வரலன்னா நாங்களே வெட்டறோம் மாமா. குடிசைல வுழுந்தா எங்களக் கேக்காதீங்க" என்றான், மறியலை முன்னின்று நடத்திய முருகேசன்.

அப்பா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ரெண்டு நாளுதான். இந்த ரெண்டு நாள்ல எவன் வரப்போறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோடாலியை வாங்கினார். சோறு கொண்டுபோன நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மரம் அந்தச் சந்து வழியை மூடிக்கொண்டு, அவர் காட்டிய இடத்தில் விழுந்தது. "அம்மாகிட்ட சொல்லாத பாப்பா" என்றார்.

மறுநாள் காலையில், எட்டு மாதக் கர்ப்பமாக இருந்த அம்மாவுக்கு உதிரம் போக ஆரம்பித்தது.

மற்ற மரங்களைச் சந்து வழியாகத் தாண்டிய வண்டி பாலத்தருகே நின்றது. அப்பா இறங்கி மரத்தின்மேல் கையை வைத்தார். பையன்கள் ரம்பத்துக்கு ஓடினார்கள். இரண்டு பேர் கை கோத்தாலும் அடங்காத அடிமரம், அறுத்து முடிக்க மதியம் ஆகும். அம்மாவின் தலை என் மடியில். விரித்திருந்த பாய் நனைந்து, ஈரம் என் பாவாடைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது கள்ளக்குறிச்சியில் கடுக்காய் விற்றுவிட்டு, பஸ் இல்லாமல் நடந்தே மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் மரத்துக்கு அந்தப் பக்கம் வந்தார்கள். "இன்னாங்க வண்டிக்காரரே, யாருங்க உள்ள?" என்று மூத்தவர் எட்டிப் பார்த்தார். பார்த்ததுமே தோளில் கிடந்த கம்பளியை உதறி, "மூங்கில் ஒண்ணு குடுங்க" என்றார்.

அங்கே இருந்த ஒரே மூங்கில், மறியலுக்கு நட்டிருந்த கொடிக்கம்பு. எல்லோரும் முருகேசனைப் பார்த்தார்கள். அவன் கொடியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு கம்பைப் பிடுங்கினான்.

"முடிச்சு மேல வரட்டும் தம்பி. கீழ வந்தா அந்தம்மாவுக்கு முதுகு குத்தும்" என்றார் மலைக்காரர். அம்மாவை மரத்துக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். தோள் கொடுக்க வந்த அப்பாவை முருகேசன் தள்ளிவிட்டான்: "நீங்க தூக்க வேணாம் மாமா. பாப்பாவப் புடிச்சிக்கினு வாங்க." கள்ளக்குறிச்சி முகப்பில் லத்தியோடு போலீஸ் நிற்பது தெரிந்தும் அவன் ஆஸ்பத்திரி வாசல்வரை டோலியை விடவில்லை.

அம்மா பிழைத்தாள். தம்பி பிழைக்கவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் முன்ன வந்திருந்தா" என்று நர்சம்மா சொன்னதை அப்பா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். அம்மா எழுந்து நடமாட ஆறு மாதம் ஆயிற்று. என் பள்ளிக்கூடம் அதோடு நின்றது.

அதற்குப் பிறகும் அப்பா முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். வண்டி போய் டெம்போ வந்தது, டெம்போ போய் ஆம்புலன்ஸ் வந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரவாவது அவர் போனார். ஓர் ஊர் வேலையையும் விட்டதில்லை, ஒரு நாளும் அம்மாவைப் பட்டினி போட்டதில்லை. அந்த மரத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

எண்பத்திரண்டு வயதில் அவர் போய்ச் சேர்ந்து, கருமாதி முடிந்த மறுநாள், அம்மாவோடு ஆட்டோவில் அந்த வழியாகப் போனேன். சாலையை அகலமாக்கியதில் மிச்சமிருந்த மரங்களும் போய்விட்டன, பாலமும் புதுசு. இனிமேல் யாருக்காக மறைப்பது என்று, அந்த மரத்தை வெட்டியது யார் என்பதை மெல்லச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள். "டோலில தூக்கிக்கினு போவும்போதே பாத்தேன். குடிசையில ஓல ஒண்ணு நலுங்கல. அவ்ளோ பதமா சாய்க்க இந்த ஊர்ல வேற எவனுக்குத் தெரியும்?"

"ஒரு தடவகூட ஏம்மா கேக்கல?"

"கேட்டிருந்தா அந்த மனுசன் அப்பறம் வூட்டவுட்டு எறங்கியிருப்பாரா? எத்தினி பேரு வூட்டுல புள்ள தங்கியிருக்கும்?" தாண்டி வந்த பாலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சும்மா இருந்தேன்னு நெனைக்காதடி. தெனம் வாய் வரைக்கும் வரும். வாசல்ல யாராவது வந்து அவரக் கூப்புடுவாங்க, முழுங்கிடுவேன்."