பர் துபாயில் போக்கர் படித்தவர்கள்

இன்டர்நெட் கஃபேயில் வேலை பார்ப்பவனுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தலையைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தால் போதும். இரண்டாயிரத்து ஐந்துக்குப் பிறகு, பர் துபாயில் மீனா பஜாருக்குப் பின்சந்தில், பதினாலு கம்ப்யூட்டர் போட்ட ஒரு கடையில் நாலு வருஷம் நான் அதைத்தான் செய்தேன். விசாவில் என் தொழில் டைல் மேசன். 'பிரதர், மவுஸ் வேலை செய்யல' என்ற குரலை ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்டவர் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணியை முடித்த கையோடு தொழிலாளர் கேம்ப்களில் இருந்து ஆட்கள் வருவார்கள். அதில் ஐந்தாறு பேர் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்கள். காசு வைத்து ஆடுகிற தளங்கள் அங்கே திறக்காது. திறந்தால் முதலாளிக்குக் கடை போகும், எனக்கு ஊருக்கு டிக்கெட் விழும். இவர்கள் ஆடியது பொழுதுபோக்குப் போக்கர். பந்தயம் கட்டக் கம்ப்யூட்டரே சிப்ஸ் என்று சும்மா வில்லைகள் கொடுக்கும். அதை வைத்து ஒரு கப் சாயா வாங்க முடியாது. ஆனால் இவர்கள் அதைப் படித்த படிப்பு இருக்கிறதே, என்னத்தைச் சொல்ல.

கதிரேசனின் நோட்டு

கதிரேசன் அண்ணன் அரியலூர்ப் பக்கம். சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. ஆறு நாள் வெயிலில் வெந்துவிட்டு ஏழாம் நாள் பஸ் பிடித்து வருவார், கையில் கோடு போட்ட நோட்டோடு. ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் அதில் ஏறும். என்ன சீட்டு வந்தது, எங்கே பந்தயத்தை ஏற்றினார், எங்கே சீட்டைக் கவிழ்த்து விலகினார், எல்லாம் நீல மையில். ஓரத்தில் சிவப்பு மையில் தனக்குத் தானே திருத்தம்: 'அவசரம்.' 'ஆசை.' 'எதிராளி மேல கோவம், அதனால ஏத்துனேன். தப்பு.' பத்தாவதில் இதில் பாதி படித்திருந்தால் மனுஷன் இந்நேரம் தாசில்தாராக இருந்திருப்பார்.

ஒரு நாள் மனுஷன் தோற்றுப்போய்ச் சோறு இறங்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாகிவிட்டது. காலணாவுக்குப் பெறாத சிப்ஸ் அண்ணே, இதுக்குப் போய் நோட்டு போட்டு எழுதி, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, என்ன இதெல்லாம் என்று வாயைக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிவிட்டுச் சொன்னார்:

"காசா இருந்தா போனா போவுதுன்னு விட்டுருவேன் தம்பி. இது மானம்."

மூலைக் கம்ப்யூட்டர்

ஸ்டெல்லா சிஸ்டர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளிக்கிழமை டியூட்டி இல்லாவிட்டால் மூலைக் கம்ப்யூட்டரில் வந்து உட்காருவார். என்னிடம் அறுபது பக்கம் பிரின்ட் எடுக்கச் சொன்னார் ஒரு தடவை. ஏதோ நர்ஸ் பரீட்சை போல என்று நானும் அக்கறையாக எடுத்துக் கொடுத்தேன். பார்த்தால், எந்தச் சீட்டு வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்ற அட்டவணை.

நம்ம ஆட்கள் ஆறு வாரமாக 'கேப்டன் 77' என்ற ஒருத்தனிடம் செம அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரஷ்யாக்காரனாக இருப்பான் என்றார் ஒருத்தர். கதிரேசன் நோட்டில் அவனுக்கென்றே நாலு பக்கம் ஒதுக்கியிருந்தார். மூலையில் யார் திரையில் அந்தப் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் தொழில் தர்மம் கெட்டுவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கதிரேசன் தண்ணீர் குடிக்கப் போனவர் எதேச்சையாக அந்தத் திரையைப் பார்த்துவிட்டார். கடையே எழுந்து நின்றது. எப்படி சிஸ்டர், எங்கே கத்துக்கிட்டீங்க என்று ஆளாளுக்குக் கேட்க, அந்தம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்:

"நாப்பது மருந்தும் நாலு பேஷண்டும் மண்டையில வச்சிருக்கேன். அம்பத்திரெண்டு சீட்டு எனக்கு என்னத்த?"

செல்வினின் பயிற்சி

செல்வின் ஏசி டெக்னீஷியன், குளச்சல் பக்கம். முப்பது வயசு. பேசினால் முகமே பேசும்; புருவம் ஒரு பக்கம் போகும், கன்னம் ஒரு பக்கம் போகும். நல்ல சீட்டு வந்தால் பக்கத்துக் கம்ப்யூட்டர்காரனுக்குக்கூடத் தெரிந்துவிடும். இவன் நேரத்துக்கு ஒரு போக்கர் பாடம் கிடைத்தது. முகத்தில் எதையும் காட்டாதே, சீட்டு எவ்வளவு நல்லதோ முகம் அவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஸ்டெல்லா சிஸ்டர்தான் தமிழில் சொல்லிக் கொடுத்தார். பிரின்ட் எடுத்துக் கொடுத்த பாவி நான்.

அன்றிலிருந்து வெப்கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்து, திரையின் ஓரத்தில் தன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே ஆடுவான். சீட்டு மோசமாக இருந்தால் சாதாரணமாக இருப்பான். ராஜா ராணியெல்லாம் ஜோடி சேர்ந்து வந்தால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உறைந்துவிடுவான். அட கண்றாவியே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆன்லைனில் ஆடுகிறாய், எதிராளி பிரேசிலில் இருக்கிறான், உன் மூஞ்சியை எவனடா பார்க்கப் போகிறான் என்று கேட்டேன். கேமராவில் இருந்து பார்வையைக்கூடத் திருப்பவில்லை.

"பழக்கம்னா எல்லா நேரமும் இருக்கணும்ணே. ஆளு பாக்கும்போ மட்டும் வச்சுக்கிட்டா அது நடிப்பு."

இரண்டே மாதத்தில் பையன் தேறிவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, ஸ்டெல்லா சிஸ்டரையே ஒரு தரம் கவிழ்த்தான்.

படம் வரும், குரல் வராது

அந்த ஊரில் அப்போது மெசஞ்சரில் படம் தெரியும், பேச முடியாது. இன்டர்நெட் வழியாகக் குரல் போவதற்குத் தடை. முகத்தைப் பார்த்துக்கொண்டு தட்டித் தட்டித்தான் பேச வேண்டும். செல்வினுடையது ஸ்பேனர் பிடித்த விரல்; ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழும். ஆகவே அவன் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்கார்ந்து 'சாப்டியா' என்று தட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கூச்சமெல்லாம் முதல் மாதத்தோடு சரி.

அவன் மனைவி ஜெனிக்கு இரண்டாவது பிரசவம். மூத்தது பெண். இதுவும் பெண் என்று மச்சினன் போனில் சொன்ன அன்றைக்கு செல்வின் எங்கள் கடைக்கே லட்டு வாங்கி வந்தான். ஊரில் அவன் அம்மா ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாம். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைக்கு இருபத்தெட்டு நாள் ஆனதும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மச்சினன் வீட்டுக் கம்ப்யூட்டரில் காட்டுவதாக ஏற்பாடு. ஜெனி வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒன்பதாம் நம்பரில் ஒருத்தன் பிரின்டரில் பேப்பரைச் சிக்க வைத்துவிட்டான். நான் எழுந்து போனேன். போனது நாலு நிமிஷம்தான். திரும்பி வந்து பார்த்தால், திரையில் அந்தப் பெண் துண்டை விலக்கிப் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் செல்வின் பாஸ்போர்ட் போட்டோவாக உட்கார்ந்திருக்கிறான். புருவம் அசையவில்லை, உதடு அசையவில்லை. தட்டுவதற்கும் ஆள் இல்லை. பிள்ளை மெல்லக் கீழே இறங்கியது. திரையில் எழுத்து வந்தது.

"இதுவும் பொம்பளப் பிள்ளன்னு உங்களுக்கும் பிடிக்கல போல. பரவால்ல, நான் வளத்துக்கிடுவேன்."

படம் அணைந்துவிட்டது.

ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தது

இரண்டு வாரம் ஜெனி போனை எடுக்கவில்லை. செல்வின் அடித்தால் மச்சினன்தான் எடுப்பான். அக்கா தூங்குறா என்பான். பகல் பதினோரு மணிக்கும் தூக்கம், சாயங்காலம் ஆறு மணிக்கும் தூக்கம். செல்வின் சீட்டையே தொடவில்லை. வந்து சும்மா உட்கார்ந்திருப்பான். தோற்ற ஆட்டத்தை நம்ம ஆட்கள் எப்படி உட்கார்ந்து பிரிப்பார்களோ, அதே மாதிரி இதையும் பிரித்தார்கள். கதிரேசன் நோட்டில் புதுப் பக்கமே எடுத்துவிட்டார். அவங்க பிள்ளையைத் தூக்கினதும் நீ என்ன நெனச்ச, அடுத்து என்ன பண்ணின என்று ஒவ்வொரு படியாகக் கேள்வி. செல்வின் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பிள்ளையைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் பொங்கி வந்ததாம். அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்ததே இல்லையாம். வந்த அந்த நொடியே முகம் தானாக இறுகிவிட்டதாம். விட வேண்டும் என்று நினைத்தும் விட முடியவில்லையாம்.

யாரும் சிரிக்கவில்லை. கதிரேசன் சிவப்புப் பேனாவைத் திறந்தார், என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடினார். அந்த நாலு நிமிஷம் நான் எழுந்து போகாமல் இருந்திருந்தால் 'அழகா இருக்கா' என்று ஒரு வார்த்தையாவது தட்டியிருப்பேன். ஸ்டெல்லா சிஸ்டர் அவனை ஒரு பிடி பிடித்தார். நீ ஜெயிச்சது போதும், போய் மனுஷனா இரு என்றார். பிறகு அவரே தன் போனில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வாசலில் நின்று வெகு நேரம் பேசினார். பயிற்சியைச் சொன்னார், கேமராவைச் சொன்னார், லட்டையும் சொன்னார். அடுத்த வெள்ளிக்குப் பின்வரும் ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம். அப்பா வாயிலிருந்து பெயர் வராவிட்டால் பங்குச் சாமியாரையே ஒரு பெயர் வைக்கச் சொல்லிவிடுவதாக ஜெனி முடிவு பண்ணியிருந்தார். கடைசியில், அந்த வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் வருவதாக ஒத்துக்கொண்டார். சிஸ்டர் உள்ளே வந்து, அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னார்:

"லட்டு யாரு வேணும்னாலும் குடுக்கலாம் அக்கா. நான் அவரு முகத்தப் பாக்கணும்."

பத்து நிமிஷம்

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே செல்வின் வந்துவிட்டான். புதுச் சட்டை. சிரித்துப் பழக வேண்டுமாம். கேமராவைத் திருப்பி வைத்துச் சிரித்தான். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டின மாதிரி இருந்தது. கதிரேசன் கண்ணையும் சேர்த்துச் சிரிக்கச் சொன்னார். அது இன்னும் பயங்கரமாகப் போய்விட்டது. ஆளுக்கு ஒரு யோசனை. ஸ்டெல்லா சிஸ்டர் எல்லாரையும் அவரவர் இடத்துக்குத் துரத்தினார். துரத்தினாலும் எவனும் தன் திரையைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ஜெனி வந்தார். தனியாக. பிள்ளை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நேராக இவனைப் பார்த்தார். நான் கீபோர்டை இழுத்தேன். செல்வின் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். தானே தட்டப் போனான். ஒரு வரி முழுக்க ஒரே எழுத்தாக விழுந்தது. அதை அழித்தான், மறுபடியும் அதேதான் விழுந்தது. சிரிக்கப் பார்த்தான். பழகிய சிரிப்பு பாதியில் நின்று, உதடு கோணி, அவன் ஓவென்று அழுதுவிட்டான். மூக்கு ஒழுகுகிறது, தோள் குலுங்குகிறது, புதுச் சட்டையெல்லாம் ஈரம். குரல்தான் அந்தப் பக்கம் போகாதே, எங்களுக்குத்தான் கேட்டது. அங்கே வெறும் படம், அதுவும் விட்டு விட்டுப் போகும் படம்.

ஜெனி எழுந்து போய்விட்டார். நாற்காலி காலி. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான், முடிந்தது என்றே நினைத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம். கதிரேசன் எழுந்து வந்து செல்வினின் முதுகில் கை வைத்தார்.

பிறகு திரையில் ஒரு சின்னக் காது வந்தது. அப்புறம் கன்னம். அவசரத்தில் கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துவிட்டார் போல. ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் தட்டினார். எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் அதை வாய்விட்டுப் படித்தார்கள்.

"மொதல்ல மூக்கத் தொடைங்க. பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு சொல்லுங்க, நாளைக்குள்ள சாமியார்கிட்ட எழுதிக் குடுக்கணும்."

நாலு வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஒரு ஆட்டத்தை இவ்வளவு அக்கறையாகப் படிக்கிறவன் கெட்டவனாக இருக்கவே முடியாது, என்ன, வீட்டில் இருப்பவர்கள்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.