ஏம்பலம் பால்வாடியில் எடுத்த போட்டோ

ஜெயசித்ரா அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. "வெளிநாட்டுக்காரன் காச இவதான் பங்கு போடுறா." எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்தில் பாதிப் பேர் அதை நம்புகிறார்கள். கோயில் நன்கொடை, கட்சி நன்கொடை எதுவானாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

உண்மையில் அவர் கையில் காசே கிடையாது. ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் வில்லியனூர் அலுவலகத்தில், வந்த நிதி எப்படிச் செலவானது என்று அறிக்கை எழுதி அனுப்புவது அவர் வேலை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அறிக்கை பிடித்தால் அடுத்த வருடமும் நிதி வரும். பிடிக்காவிட்டால் நின்றுவிடும்.

அந்த நிதியில்தான் பக்கத்து ஊரான ஏம்பலத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்று நடக்கிறது. ஊரில் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். நடவுக்கும் கரும்பு வெட்டவும் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட நானும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன்.

இந்த வருட அறிக்கைக்குப் போட்டோ எடுக்க வருவதாக அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் போட்டோ என்றால் யார் அழுக்கோடு நிற்பார்கள்? மறுநாள் பிள்ளைகள் தீபாவளிச் சட்டையிலும் கிறிஸ்துமஸ் கவுனிலும் வந்தார்கள். முகமெல்லாம் பவுடர், கன்னத்தில் மைப்பொட்டு. ஜோஸ்பின் அக்கா தன் மகன் ஆல்வினுக்குக் கோட்டே மாட்டிவிட்டிருந்தார். பையனுக்கு வியர்த்துக் கொட்டியது. தாய்மார்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டுச்சேலையில் பின்னால் நின்றார்கள்.

அக்கா போனில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து மேலதிகாரி அரிகரன் சார் போன் செய்தார்.

"என்னம்மா இது, கல்யாண ஆல்பமா? இதப் பாத்து எவன் நிதி குடுப்பான்? வேலைத் துணியில, வெறுந்தரையில உக்கார வச்சு எடுங்க. ஒரு குழந்தை அழுதா இன்னும் நல்லது."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் பால்வாடி நின்றுபோகக் கூடாதே என்று ஏம்பலத்துக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு தாய்மார்களிடம் சொன்னார்.

ஜோஸ்பின் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இன்னா மேடம், புள்ளைங்க மூக்கு ஒழுகினு நிக்கணுமா? ஒரு தட்டையும் கையில குடுத்துடேன், பஸ் ஸ்டாண்டுல உக்கார வச்சே எடுத்துக்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். தேவி மட்டும் சிரிக்கவில்லை. போன வருடம் வரை தன் பிள்ளையைக் கரும்புக் கொல்லை வரப்பில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்தவர்.

"இத மூடிட்டா மறுபடியும் வரப்புதாங்க்கா. எம் பொண்ண எடுத்துக்கோங்க" என்றார். மகள் கனிஷ்கா முகத்தில் இருந்த பவுடரை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். கவுனைக் கழற்றித் தரையில் உட்கார வைத்தார். பிள்ளை சிரித்தது. தேவி அதன் தொடையில் கிள்ளினார். அது வீறிட்டு அழுதது.

"எடுங்கக்கா, சீக்கிரம்!"

ஜெயசித்ரா அக்கா போனைப் பையில் போட்டுவிட்டார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு இந்தப் போட்டோ வேணாம் தேவி" என்றார். அன்றைக்கே முதலில் எடுத்த படங்களையே அறிக்கையோடு அனுப்பினார். அரைக் கூலி இழந்து இவர்கள் பிள்ளைகளை அலங்கரித்து வந்தார்கள், அழுகிற பிள்ளையைக் காட்டினால்தான் உதவி என்றால் அது உதவியே இல்லை என்றும் எழுதினார்.

அரிகரன் சார் அந்த அறிக்கையை மேலே போகவே விடவில்லை. அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் கேமராவோடு ஒரு ஆளை அனுப்பினார். தாய்மார்கள் வயலில் இருந்தார்கள். "ஜெயசித்ரா மேடம்தான் அனுப்பினாங்க" என்றான் அவன். நாங்களும் உள்ளே விட்டோம். தூங்கி எழுந்து அழுத பிள்ளைகளைத் தேடித் தேடி எடுத்தான். நிதி வந்துவிட்டது. ஆல்வின் சட்டையில்லாமல் அழுகிற படம் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. ஊர் முழுக்கப் போனில் பார்த்துவிட்டது.

ஜோஸ்பின் அக்கா தெருவில் வைத்தே கத்தினார். "மூஞ்சிக்கு நேரா வேணான்னுட்டு, முதுகுக்குப் பின்னால ஆள் அனுப்பிச்சியா? நீ படிச்சவதானடி!"

"ஏங்க்கா வாய மூடினு நின்னீங்க?" என்று ஜெயசித்ரா அக்காவிடம் நான் சண்டை போட்டேன்.

"அரிகரன் சார் அனுப்பின ஆளுன்னு சொன்னா ஆபீஸ் மேல கோவத்துல புள்ளைங்கள நிறுத்திடுவாங்க. என்னத் திட்டிட்டாவது அனுப்பட்டும்."

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். ஜோஸ்பின் அக்கா, அந்த ஆளை அனுப்பியது அரிகரன் சார். ஆல்வினைப் பால்வாடியிலிருந்து நிறுத்தாதீர்கள். ஜெயசித்ரா அக்காவிடம் கேட்டதை அப்படியே அவரிடம் போய்க் கேளுங்கள். நானும் கூட வருகிறேன்.