கார்லா பெயரில் ஒரு மின் இணைப்பு

கார்லா ப்ரூவிட் கிரெடிட் கார்டு கேட்டு எங்கள் கடன் சங்கத்துக்கு வந்த அன்று, வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் அவள் அப்பா வெண்டல் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வழியே எல்லாம் தெரிந்தது. அடி வாங்கியவன் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் ரஸ்டி. தன் வண்டியை வெண்டல் ப்ரூவிட்டின் வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டான், அவ்வளவுதான் காரணம். வெண்டல் அவன் தலைமுடியைப் பிடித்து வண்டியின் முகப்பில் மோதினார். மறுபடி மோதியபோது முகப்பு விளக்கு நொறுங்கியது.

நான் போனை எடுத்தேன். கார்லா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதைக் கீழ வை. ஷெரிஃப் ஆளு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். இதுல எது நல்லதுன்னு நீ சொல்லு."

தபாலில் வந்திருந்த விளம்பரங்களை மேஜைமீது பரப்பினாள். அவளுடைய மேலுதடு வீங்கி, ஒரு ஓரத்தில் தையல் போட்டிருந்தது. தங்க நிறத்தில் இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இது பளபளன்னு இருக்கே."

"அது உன்னைத் தின்னுரும். கார்டு கைக்கு வர்றதுக்குள்ளயே அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம்னு பாதிய எடுத்துப்பான்."

"சரி, உங்களோடது?"

"எங்ககிட்ட நீ மொதல்ல முந்நூறு டாலர் டெபாசிட் கட்டணும். அது பூட்டியே இருக்கும். அந்த அளவுக்குள்ள செலவு பண்ணிட்டு மாசாமாசம் திருப்பிக் கட்டணும்."

"என் காசையே எனக்குக் கடனாக் குடுத்து, நான் ஒழுங்கா திருப்பித் தர்றேனான்னு வேடிக்கை பாப்பீங்களா?"

"ஆமா. நீ ஒழுங்கா கட்டறேன்னு, எல்லாரோட கடன் கணக்கையும் வச்சிருக்கிற கம்பெனிக்கு நாங்க எழுதி அனுப்புவோம். அதை வச்சு அவங்க போடற மார்க்குதான் உன் ஸ்கோர்."

"இது எங்கப்பனுக்கே தோணாத திருட்டுடி," என்று சிரித்தாள். சிரித்ததில் தையல் வலித்திருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கார்லாவுக்கு அப்போது இருபது வயது. அர்கன்சாவின் இந்தப் பக்கத்தில் பள்ளி முடித்தவர்கள் போகிற இடத்துக்குத்தான் அவளும் போயிருந்தாள்: கோழி ஆலைக்கு. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரும் கோழிகளின் இறக்கையை மூட்டில் வெட்டிவிடுவது அவள் வேலை. அம்மா எப்போதோ ஒக்லஹோமாவுக்கு ஓடிப் போய்விட்டாள். டிரெய்லர் வீட்டில் அப்பாவும் அவளும்தான். வெண்டல் அடிப்பதற்கு நாயும் சுவரும் பெண்ணும் ஒன்றுதான், எது பக்கத்தில் இருக்கிறதோ அது. ஓப்பல் டிராஸ்க் என்ற கிழவியின் வீட்டில் ஒரு பாதி காலியாக இருந்தது. கார்லாவுக்கு அது வேண்டும். கிழவியோ ஸ்கோரைப் பார்க்காமல் யாருக்கும் சாவி தருவதில்லை.

விண்ணப்பம் போடும்போது நான் அவளுடைய கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். இந்த வயதில் அது வெறுமையாகத்தான் இருக்கும். கார்லாவுடையது அப்படி இல்லை. கட்டாத மின்கட்டணம் ஒன்று, கட்டாத டிஷ் டிவி ஒன்று. இரண்டும் அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அவள் பெயரில் எடுத்த இணைப்புகள்.

எங்கள் ஊரில் இது புதிதில்லை. பணம் கட்டாமல் விளக்கை அணைத்துவிட்டார்கள் என்றால், பிள்ளையின் பெயரையும், பிறந்ததும் அரசாங்கம் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கொடுத்துப் புது இணைப்பு வாங்கிக்கொள்வார்கள். எங்கள் மேலாளர் டாட்டியே மகன் பெயரில் தண்ணீர் இணைப்பு எடுத்தவர்தான். பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்குள் கட்டி முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் அதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். வெண்டல் முடிக்கவில்லை.

"கார்டு இப்பவே தரலாம்," என்றேன். "ஆனா ஓப்பல் இந்த ரெண்டையும் பாத்தா சாவி தர மாட்டா."

"நான் அப்பாகிட்ட கேக்கறேன். கட்டிருவாரு."

அவள் உண்மையிலேயே அப்படி நம்பினாள்.

கேட்டது வண்டியருகில் வைத்து. வெண்டல் வேலையிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவள் வலது கையைக் கதவின் சட்டத்தில் ஊன்றி நின்றபடி விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தக் குளிர்ல நீ செத்திருப்படி," என்றார் வெண்டல். "அடுப்பு எரிஞ்சுது. சுடுதண்ணி வந்துச்சு. யாரால?"

"என் பேரால."

அவர் கதவை அறைந்து சாத்தினார். அவள் கத்தியபோது திறந்து, திரும்பவும் சாத்தினார். மூன்று விரல்கள் நசுங்கின. மணிக்கட்டுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பிறகு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். அங்கே விசாரிக்க வந்த ஷெரிஃப் அலுவலக ஆள் ஹார்லனிடம், காற்றில் கதவு மூடிக்கொண்டது என்றாள் கார்லா. ஹார்லன் அதையே எழுதிக்கொண்டு போனார். இந்தக் குடும்பத்தில் காற்றடிப்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

மாவுக்கட்டோடு என்னிடம் வந்தாள்.

"அந்த ரெண்டையும் எப்படி அழிக்கிறது?"

"ரிப்போர்ட் குடுக்கற கம்பெனி போலீஸ் புகார் நகல் கேக்கறாங்க. உன் பேரை யாரு திருடினாங்கன்னு அதுல இருக்கணும்."

"ஆள் பேரு போடணுமா?"

"போடணும் கார்லா."

அவள் எழுந்து, தெருவைக் கடந்து ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனாள். அவளால் எழுத முடியாது என்பதால் நானும் கூடப் போனேன்.

ஹார்லன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கைய ஒடைச்சதுக்குப் புகார் இல்ல, கரண்டு பில்லுக்குப் புகாரா?"

"ஆமா."

"இங்க பாரும்மா. அடிச்சான்னு எழுதிக் குடு, ஊரு ரெண்டு நாளு பேசிட்டு விட்டுரும். இதை எழுதிக் குடுத்தேன்னா, சர்ச்சுல உன் பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. இப்படிப் பாத்தா பாதி ஊரை உள்ள தள்ளணும்."

"தள்ளுங்க."

"அப்பனாச்சேம்மா."

"கை ஆறிடும், ஹார்லன். பேரு தானா ஆறாது. எழுதுங்க."

வெண்டலைப் பிடித்தார்கள். அவருடைய அண்ணன் ஜாமீன் கட்டி வெளியே கொண்டுவந்தார். வந்ததும் வெண்டல் மகளுடைய துணிகளை முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார். கார்லா கோழி ஆலையின் வாசலில் தன் காரை நிறுத்தி அதிலேயே தூங்கினாள். ஹார்லன் சொன்னது பொய்யாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. டாட்டி அவளைக் கண்டால் உள்ளறைக்குப் போய்விடுவார்.

இரண்டு கடன்களும் ரிப்போர்ட்டிலிருந்து போயின. இப்போது அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததும் ஓப்பலுக்குப் போதாது. அதனால் கார்லா முந்நூறு டாலரை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். அவள் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது வெண்டலின் வண்டி வந்து நின்றது.

டாட்டி ஓடிப்போய்க் கதவைப் பூட்டினார். வெண்டல் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். பிறகு முஷ்டியால் கண்ணாடியைக் குத்தினார். பழைய கண்ணாடி, கத்தி கத்தியாக உடைந்தது. உள்ளே நுழைந்த கையை அவர் வெறியோடு வெளியே இழுத்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்தது. ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சி அடித்தது. அவர் படியில் உட்கார்ந்து, அது யாருடைய கை என்பதுபோல் பார்த்தார்.

நான் ஆம்புலன்சை அழைத்தேன். கார்லா கதவைத் திறந்து வெளியே போனாள். அவருடைய இடுப்பு பெல்ட்டை இடது கையால் உருவி, புஜத்தில் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஆலையில் யாராவது வெட்டிக்கொள்ளாத வாரம் இல்லை. அவள் கை தயங்கவில்லை.

"புகார வாபஸ் வாங்குடி."

"கைய மேல தூக்கு."

"வெளக்கு எரிஞ்சதுக்குப் பெத்தவனை ஜெயிலுக்கு அனுப்புவியா?"

"அனுப்புவேன். ஆடாத."

"நான் செத்துப்போனா?"

"சாக மாட்ட. நான்தான் கட்டறேனே."

அவர் நல்ல கையால் அவள் கழுத்தைப் பிடித்தார். அவள் விலகவில்லை. பெல்ட்டை இன்னும் இறுக்கினாள். தேவைக்கு மேலேயே இறுக்கினாள் என்றுதான் நினைக்கிறேன். பிடி தளர்ந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டி போனதும் டாட்டி, "இன்னிக்கு மூடிரலாம்," என்றார்.

"நான் இன்னும் கையெழுத்துப் போடல," என்றாள் கார்லா.

கழிவறையில் கை கழுவி வந்து, இடது கையால், கோணலாக, முழுப் பெயரையும் எழுதினாள்.

வெண்டல் அந்தக் குளிர்காலத்தை ஜெயிலில் கழித்தார். கார்லா காரில் கழித்தாள். அந்தக் கார்டில் அவள் வாங்கிய முதல் பொருள், கதவுக்கு உள்பக்கம் போடுகிற இரும்புத் தாழ்ப்பாள். அப்போது அவளுக்குக் கதவு இல்லை. அதற்கான தொகையைத் தவணைக்கு முன்பே வந்து கட்டினாள். வசந்தத்தில் ஓப்பல் டிராஸ்க் அவள் ஸ்கோரைப் பார்த்தாள். அது பெரிதாக ஒன்றுமில்லை. சாவியைக் கொடுத்தாள்.