சித்தப்பாவின் படத்தில் விழுந்த கறுப்பு

கையில் கொடுத்த ரப்பர் பந்தைச் சித்தப்பா ஒருமுறைகூட அமுக்கவில்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் கிடப்பவருக்கு ஏதும் செய்தால் அதை அமுக்க வேண்டும். வெளியே எங்களுக்கு மணி அடிக்கும். முக்கால் மணி நேரம் அசையாமல் கிடந்தார். எல்லோரும் இப்படி ஒத்துழைத்தால் எவ்வளவு நல்லது என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

சண்டை முடிந்தபின் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து எங்கள் ஊர் தோட்டவெளிக்குத் திரும்பியவர் சித்தப்பா. சலம் போவதில் கரைச்சல், சிறுநீர் முட்டி நிற்கிறது என்று அவர் வாய் திறக்கவில்லை. சித்திதான் எனக்குச் சொன்னார். அப்போது நான் கொழும்பில், புரோஸ்டேட் புற்றுநோயைப் படத்திலேயே பிடிக்கும் புதுக் கணக்குமுறை ஒன்றைப் பரிசோதித்த குழுவில் இருந்தேன். திசுவுக்குள் நீர் எப்படி அசைகிறது என்று திரும்பத் திரும்பப் படமெடுத்து, புள்ளி புள்ளியாகக் கணினியில் கணிப்போம். புற்று நெருக்கிய இடத்தில் நீருக்கு அசைய இடமிருக்காது. சித்தப்பாவை அங்கே வரவழைத்து இதை விளக்கியபோது சிரித்தார். "காம்பில நாங்கள் கிடந்த மாதிரி எண்டு சொல்லு."

அந்த இயந்திரம் பெரியதொரு காந்தம். உடலில் இரும்பு, துப்பாக்கிச் சன்னம், வெடித்த எறிகணையின் செல் துண்டு ஏதும் உண்டா என்று முதலில் கேட்டே ஆக வேண்டும். வெள்ளை மேலங்கியோடு, படிவத்தைப் பார்த்தபடி நான்தான் கேட்டேன். கேள்வி முடியுமுன்னே "இல்லை" என்றார்.

படத்தில் சுரப்பியின் பின்பக்கம் ஒரு கறுப்பு விழுந்திருந்தது. மலக்குடலில் வாயு இருந்தால் அப்படி வரும். "வாயு" என்று எழுதிவிட்டேன். மற்றப் படங்களை நிதானமாகப் பார்த்திருந்தால் வாயு இல்லை என்று தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. கணினி அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் சுத்தம் என்று காட்டியது. எங்கள் முறையில் எனக்கு அப்படியொரு நம்பிக்கை. வைத்தியரும் திசு எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டார்.

அடுத்த வருஷம் இடுப்பு நோவென்று எக்ஸ்ரே எடுத்தார்கள். நோய் எலும்புக்குப் போயிருந்தது. வால் எலும்புக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகமளவில் ஒரு செல் துண்டு. இந்தியாவுக்குப் படகேற முந்திப் பட்டதாம். அந்த இரும்பு விழுத்திய கறுப்புக்குள்தான் புற்று இருந்திருக்கிறது.

அழுகையும் கோபமுமாய்ப் போய்க் கேட்டேன். "என்னட்டையும் ஏன் சித்தப்பா மறைச்சனீங்கள்?"

"திரும்பி வரேக்க ஆமிக்காரன் எங்கட பேரைப் பதிஞ்சவன். காயம் இருக்கோ எண்டு கேட்டவன். ஓம் எண்ட ஆக்களை, சண்டை பிடிச்சவங்களோ எண்டு விசாரிக்க வேற வரிசையில விட்டாங்கள். நான் இல்லையெண்டிட்டன். உன்ர கடதாசியில ஓம் எண்டு போட்டு, அவன்ர பதிவும் இதுவும் ஒரே அரசாங்கக் கந்தோருக்குப் போனால்? மிசினுக்குள்ள அந்த இடத்தில சூடு ஏறினது. பந்தை அமுக்கினால் ஏனெண்டு கேப்பாய். நீயும் அவன் மாதிரித்தானே பிள்ளை கேட்டனீ, முகத்தைப் பாராமல்."

அந்த வருஷ மழைக்கு முன்பே சித்தப்பா போய்விட்டார்.

இப்போது படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன். அப்படியும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் சிலர் உடனே "இல்லை" என்கிறார்கள். நான் அவர்களை நம்புவதில்லை. எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்கிறேன். அதற்கு வேறு வரிசை. அங்கே போய் நிற்கச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.