பட்டியலாக மாறிப்போன படங்கள்

என் மனைவிக்குப் பேச்சு போனது ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில். வெள்ளிமலையில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தாள். பாதிப் பெயர்களைக் கூப்பிட்ட பிறகு அடுத்த பெயர் வாயில் வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஜீப்பில் ஏற்றி, மலையிறக்கிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தார்கள். நான் அப்போது மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிற இடத்தில் இருந்தேன். தகவல் கிடைத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

உயிர் பிழைத்தாள். கால் மெல்லத் தேறியது. வலது கை தேறவில்லை. வலது பக்கப் பார்வையும் மங்கிவிட்டது. வாயில் மிஞ்சியது "த்தா" என்கிற ஒரே சத்தம். வீட்டுக்கு வந்த மறுநாள் பேப்பரை அவள் முன்னால் விரித்தேன். தலைப்பை வெகுநேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினாறு வருடம் மலைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவளுக்கு எழுத்தும் போயிருந்தது. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் புரியும், சொல்லத்தான் முடியாது என்றார் டாக்டர். புரியாமலே போயிருந்தால் அவளுக்காவது இந்த வேதனை இருந்திருக்காதே என்று ஒருநாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

புதுச்சேரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஓர் அம்மாளிடம் அழைத்துப் போனோம். பேச்சு வருகிறவரைக்கும் படங்களைக் காட்டிக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள் என்றார் அவர். கடையில் விற்கிற படம் வேண்டாம், உங்கள் வீட்டுச் சொம்பு, உங்கள் வீட்டுப் போர்வை, அதையே படமெடுங்கள் என்றார்.

எங்கள் மகள் சென்னையில் வேலையில் இருந்தாள். பத்து நாள் லீவு போட்டு வந்து அந்த வேலையைச் செய்தாள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கேள்வித்தாள் அடிப்பதற்காக என் மனைவி வாங்கியது. அதை இயக்கியவள் அவள்தான். எனக்கு அதைத் தொடவே பயம். இடது கையால் மவுஸ் பிடிக்க இப்போதும் அவளால் முடிந்தது. மகள் கேமராவை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். வெந்நீர் அண்டா, கழிவறைக் கதவு, மாத்திரை டப்பா, போர்வை எல்லாவற்றையும் எடுத்தாள். தலைவலிக்குத் தானே நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்பதற்குக் கையை விரித்துக் காட்டி நின்றாள். சாப்பாடு, உடம்பு, ஆட்கள், பள்ளிக்கூடம் என்று தனித்தனி ஃபோல்டர். எதைத் திறந்தாலும் படங்கள் பெரிது பெரிதாக, வரிசையாக நிற்கும்.

படங்கள் தயாரான மூன்றாம் நாள் என் மனைவி தானாகவே சாப்பாடு ஃபோல்டரைத் திறந்து சாமைச் சோற்றின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மலைக்குப் போய் வந்து பழகிய சாப்பாடு அது. நான் கடைக்கு ஓடினேன். அன்றைக்கு மூன்று பேரும் சாமைச் சோறு சாப்பிட்டோம். லீவு முடிந்ததால் மறுநாள் மகள் சென்னைக்குத் திரும்பினாள்.

ஒரு வாரம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு காலையில் உடம்பு ஃபோல்டரைத் திறந்தால் படம் ஒன்றையும் காணோம். வெறும் பெயர்கள், பட்டியலாக. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அழிந்துவிட்டதோ என்று பயந்தேன். மகளுக்கு போன் போட்டேன். ஒன்றும் அழியவில்லை, காட்டுகிற விதம்தான் மாறியிருக்கிறது என்று சொல்லி மாற்றவைத்தாள். படங்கள் வந்தன. மூடிவிட்டு மறுபடி திறந்தால் மறுபடி பட்டியல். அதைச் சரிசெய்தால் சாப்பாடு ஃபோல்டர் பட்டியலாகியிருக்கும். சிலசமயம் படங்கள் தெரியும், ஆனால் வரிசை கலைந்திருக்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த காலம் அது. வாரத்தில் இரண்டு நாளாவது எங்கேயாவது மறியல். பஸ் ஓடாது, கடை திறக்காது. கோரிக்கையில் எனக்கு மறுப்பில்லை. நானே முன்பு ஒரு மறியலில் ரோட்டில் உட்கார்ந்தவன்தான். ஆனால் அந்த மாதம் மகள் இரண்டு தடவை கிளம்பி, ஒரு தடவை விழுப்புரத்தோடு திரும்பிப்போனாள். இன்னொரு தடவை பஸ்ஸே எடுக்கவில்லை. புதுச்சேரிக்குப் போகவேண்டிய தேதியும் தவறியது. வீட்டில் நாங்கள் இருவர், நடுவில் அந்தக் கம்ப்யூட்டர். அதிலும் பாதி நேரம் கரண்ட் இருக்காது.

பார்வை மங்கியதால் அவள் இடத்தை வைத்துத்தான் படத்தைத் தேடுவாள். இரண்டாவது வரிசையில் முதல் படம் கழிவறைக் கதவு. அது அவளுக்கு மனப்பாடம். ஒருநாள் பதற்றமாக வந்து உட்கார்ந்து அந்த இடத்தை அழுத்தினாள். வரிசை கலைந்திருந்தது; திரையில் வந்தது போர்வை. நான் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். "த்தா, த்தா" என்று கத்தினாள். குளிர் தாங்கவில்லை போல என்று இன்னும் இழுத்து மூடினேன். அவள் எழுந்திருக்கப் பார்க்க, நான் தோளை அமுக்கி உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்குக் கீழே தரை நனைந்தது.

அவள் அழவில்லை. தொங்கிக்கொண்டிருந்த வலது கையை இடது கையால் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் புடவை மாற்றிவிட்டேன். தரையைத் துடைத்தேன். அப்புறம் அந்த மானிட்டரை ஓங்கி ஓர் அறை அறைந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் மகளிடம் போனில் பேசி, அவள் சொல்லச் சொல்ல நானே சரிசெய்ய உட்கார்ந்தேன்.

"மேல டூல்ஸ்னு இருக்கும் பாருங்கப்பா. அதுல கடைசில ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்."

அதற்குள் இரண்டு பொத்தான்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று எல்லா ஃபோல்டரையும் ஒரே மாதிரி ஆக்குவது. மற்றது எல்லாவற்றையும் பழையபடி திருப்புவது. அவசரத்தில் தப்பானதை அழுத்தினேன். அதுவரை ஒழுங்காக இருந்தவையும் குலைந்துபோயின. மகளிடம் சொல்வதற்குள் கரண்ட் போனது, போனில் சார்ஜும் தீர்ந்தது. கரண்ட் வந்த பிறகு திறந்து பார்த்தேன். எல்லாம் பட்டியல்.

என் மனைவி எழுந்து வந்து, கம்ப்யூட்டருக்குப் போடுகிற துணியை எடுத்து ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து அதை மூடினாள். கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரா என்றாலும் தலையசைப்பில்லை, வலிக்கிறதா என்றாலும் இல்லை. இனி என்னோடு பேசவே மாட்டாளோ என்று பயந்தேன். அவள் கேட்பதை நிறுத்திவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாளும் கடையடைப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸும் கம்ப்யூட்டர் ரிப்பேரும் பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். என் மனைவி கேள்வித்தாள் பிரதி எடுக்கப் போகிற கடை. வீடு கடைக்குப் பின்னால்தான். சந்து வழியாகப் போய்க் கதவைத் தட்டினேன்.

"இன்னா சார், டீச்சர் எப்டி கீறாங்க?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார்.

வெகுநேரம் பார்த்த பிறகு விளக்கினார். "ஒவ்வொரு ஃபோல்டரயும் எப்டி தொறக்கணும்னு இது ஒரு எடத்துல எழுதி வெச்சிக்கும் சார். டீச்சர் வகுப்புக்கு ஒண்ணு, பரீட்சைக்கு ஒண்ணுன்னு நூத்துக்கணக்குல போட்டு வெச்சிக்கீறாங்க. எடம் நெறஞ்சி போச்சி. புதுசு ஒண்ணு எழுதுனா பழசு ஒண்ணு போய்டுது. நடுவுல கரண்ட் வேற நின்னா, எழுதறதே இல்ல."

பழைய குறிப்புகளை மொத்தமாக அழித்து, அந்த இடத்தையும் பெரிதாக்கினார். ஒரு ஃபோல்டரைப் பெரிய படங்களாக வைத்து, எல்லாம் அதே மாதிரி என்று மாற்றினார். வரிசை கலையக்கூடாதே என்றேன். ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் முன்னால் எண் போட்டுக்கொண்டே போனார். இருநூறு படங்களுக்குமேல் இருந்தன. கடைசியில் தன் கடையில் சும்மா கிடந்த யுபிஎஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். கரண்ட் போனால் பத்து நிமிஷம் தாங்கும், அதற்குள் முறைப்படி நிறுத்திவிடுங்கள் என்று எனக்குப் பழக்கிவிட்டு, தொழுகைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

என் மனைவி கட்டிலிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் போனதும் வந்து உட்கார்ந்தாள். ஒரு ஃபோல்டரைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எல்லாவற்றையும் அப்படிச் சோதித்தாள். படங்கள் அததன் இடத்திலேயே நின்றன. பசி என்று காட்டுவாள் என எதிர்பார்த்து நின்றேன்.

அவள் திறந்தது பள்ளிக்கூடம். அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. அதில் வருகைப்பதிவேட்டின் படத்தை அழுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"நல்லானதும் போலாம்" என்றேன்.

மறுபடி அதையே அழுத்தினாள். பிறகு தன் மார்பைத் தொட்டாள். அதன் பிறகும் எனக்குப் புரியவில்லை என்று நடிக்க முடியவில்லை. பீரோவில் ஒரு விண்ணப்பம் இருந்தது. உடல்நிலை காரணமாக வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் சார்பில் நான் எழுதி நிரப்பியது. ரேகை மட்டும்தான் பாக்கி. விவரம் சொல்லாமல் ஒருநாள் கட்டைவிரலைப் பிடித்து வைத்துவிடலாம் என்று இருந்தேன். அவளால்தான் கேட்கமுடியாதே.

எடுத்துவந்தேன். "உன்னால இனிமே முடியாதுன்னு நானே எழுதி வெச்சிட்டேன்" என்றேன். முழுவதையும் வாசித்துக்காட்டினேன். வாசிக்கும்போது அவள் கண் தாளிலேயே இருந்தது. முடிந்ததும் திரையில் மகள் கையை விரித்து நிற்கிற படத்தைத் தேடி அழுத்தினாள். வேண்டாம். இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

நீண்ட விடுப்புக்கு எழுதிப்போட்டோம். மறியல்கள் ஓய்ந்த பிறகு புதுச்சேரிக்கு ஒழுங்காகப் போனோம். ஒரு வருடத்தில் முப்பது சொற்கள்போலத் திரும்பி வந்தன. எழுத்து வரவில்லை. தினமும் ஒரு மணி நேரம் தன் கையெழுத்தில் இருந்த பழைய நோட்டுகளைப் புரட்டுவாள், மூடிவைப்பாள்.

அடுத்த வருடம் பள்ளி திறக்கிற சமயத்தில் அவளே என்னைக் கூப்பிட்டாள். பதிவேட்டின் படத்தைக் காட்டி, "போதும்" என்றாள். விண்ணப்பத்தோடு கல்வி அலுவலகத்துக்குப் போனோம். ரேகை வைக்க மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்கள். அதைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். இடது கையால், கையெழுத்து போடவேண்டிய இடத்தில் கோணலாக ஒரு கோடு இழுத்தாள். அதிகாரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் ஏதோ எழுதி வாங்கிக்கொண்டார்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் அழுதாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் காட்டிச் சொல்ல அங்கே அவளுக்குப் படம் எதுவும் இல்லை.